இடித்தவர் கை

சிறுதானியம் பற்றிய எந்த மேடையிலும், எந்தக் காணொளியிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும். “நம்ம பாட்டன் பூட்டன் சாப்பிட்டதையெல்லாம் நாம மறந்துட்டோம்.” சொல்பவர் மருத்துவராக இருக்கலாம், இயற்கை விவசாயியாக இருக்கலாம், பொட்டலத்தில் அடைத்து விற்பவராகவும் இருக்கலாம். கேட்பவர்கள் லேசான குற்ற உணர்ச்சியோடு தலையாட்டுவார்கள்.

அந்த ‘மறந்துட்டோம்’ மேல் எனக்கு நெடுநாளாகச் சந்தேகம் உண்டு. சாவியை மறக்கிறோம், பிறந்தநாளை மறக்கிறோம். மறதிக்கு யாரும் காரணம் கேட்பதில்லை, ஞாபகப்படுத்தினால் போதும். ஒரு ஊரே ஒரு தானியத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்ததை மறதி என்று சொல்லிவிட்டால், இறக்கி வைத்தவர்களிடம் ஒரு காரணம் இருந்திருக்குமோ என்கிற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. இறக்கி வைத்தவர்கள் பாட்டன்மாரோ பூட்டன்மாரோ கிடையாது என்பதையும் கவனியுங்கள். அவர்கள் சாப்பிட்டார்கள். அடுப்பில் நின்றது வேறு ஆள்.

நான் சிறுதானியத்துக்கு எதிரி இல்லை. வாரத்தில் நாலு நாள் எங்கள் வீட்டு உலையில் வரகோ சாமையோ வேகிறது. எங்கள் ஊர் கீரனூர். புதுக்கோட்டைக் கீரனூர் இல்லை, பழனிக்குப் பக்கத்தில் இருக்கிற கீரனூர். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு ஜாகிர்ராஜாவின் கீரனூர் என்றால் சட்டென்று புரியும். அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து சமையல் என் பொறுப்பு. வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பதால் உலை கொதிக்கிற நேரம் என் கையில் இருக்கிறது.

வரகரிசியை மூன்று தண்ணீர் கழுவி அரைமணி நேரம் ஊறப்போட்டு, ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் கொதித்தபின் போட்டு, தண்ணீர் வற்றும்போது தீயைக் குறைத்து மூடி, இறக்கிப் பத்து நிமிடம் தொடாமல் விட்டால் உதிரியாக நிற்கும். குக்கரில் வைத்தால் களிதான். ஆறிப்போனால் விறைத்துக் கட்டிவிடும் என்பதால் சுடச்சுடச் சாப்பிட்டாக வேண்டும். சாமை அத்தனை பிடிவாதம் பிடிக்காது, தயிர்ச்சோற்றுக்கு அரிசியை விடவே நன்றாகக் குழையும். குதிரைவாலிக்கு வெண்பொங்கல். தினையில் ஒரு மெல்லிய கசப்பு உண்டு, வெல்லம் அதை மறைத்துவிடும். போன ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டு அக்கா “சாமை நொய்யில நோன்புக் கஞ்சி காச்சினா வருமாடி?” என்று கேட்டார். வந்தது. பூண்டும் வெந்தயமும் போட்டால் எதில்தான் வராது.

இதையெல்லாம் சாப்பிட மாட்டேன் என்று சொல்கிற ஒரே ஆள் எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா. வயது எண்பத்தாறு. கம்மஞ்சோறு என்ற பேச்செடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். “போ கண்ணு. அதையெல்லாம் நானு தின்னு முடிச்சாச்சு. இனி உங்க முறை” என்பார். ஒருநாள் விடாமல் கேட்டதற்கு, வலது கையை நீட்டி உள்ளங்கையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். உலக்கை பிடித்த காய்ப்பு இத்தனை வருடத்தில் மறைந்துவிட்டிருந்தது. ஆனால் அவருக்கு அது இன்னும் அங்கே இருந்தது.

கம்பைச் சோறாக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று அம்மாயி சொல்லித்தான் எனக்கு முழுதாகத் தெரியும். தண்ணீர் தெளித்துப் பிசறி வைக்க வேண்டும். ஈரம் இறங்கியதும் உரலில் போட்டு மேல்தோல் கழலும் அளவுக்கு மட்டும் இடிக்க வேண்டும். முறத்தில் புடைத்துத் தவிட்டை நீக்கி, மறுபடி உரலில் போட்டு இடித்து, சலித்து, நொய்யையும் மாவையும் பிரிக்க வேண்டும். உலை கொதித்ததும் முதலில் நொய், அது வெந்ததும் மாவு. கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். முன்கூட்டியே இடித்து வைக்கவும் முடியாது. கம்பு மாவில் எண்ணெய்ப் பசை அதிகம், சில நாளிலேயே சிக்கு வாடை வந்து கசக்கத் தொடங்கும். ஆகவே அன்றன்றைக்கு. எட்டுப் பேர் வீட்டில், காட்டு வேலை முடிந்து வந்தபிறகு, விளக்கு வைப்பதற்குள் இரண்டு படி.

கம்பும் சோளமும் ராகியும் (எங்கள் பக்கம் ராகி, வத்தலக்குண்டு தாண்டினால் கேப்பை) இதில் சாதுவான தானியங்கள். கதிரை அடித்தால் மணி கையில் வந்துவிடும். வரகு, சாமை, தினை, குதிரைவாலி, பனிவரகு ஐந்தும் நெல்லைப் போல உமிக்கூட்டுக்குள் இருப்பவை. அதிலும் வரகின் உமி கெட்டித் தோலாக ஒட்டிக்கொண்டிருக்கும். மண் பூசிய திருகையில் திரித்து, புடைத்து, குத்தி, மறுபடி புடைத்து என்று பல சுற்று. கடுகுக்கு அண்ணன் மாதிரி இருக்கிற மணியில் உமி போனதும் போகாததும் கலந்து கிடக்கும். இன்று பொட்டலத்தைப் பிரித்து உலையில் கொட்டுகிற எனக்கு இந்தச் சுற்றுகள் எதுவும் தெரியாது. எங்கோ ஒரு இயந்திரம் செய்துவிட்டது.

சங்கப் பாடல்களில் உலக்கையால் குற்றும்போது பாடுகிற பாட்டுக்குத் தனிப்பெயரே உண்டு, வள்ளை. சிலப்பதிகாரத்திலும் வள்ளைப்பாட்டு வருகிறது. நம் இலக்கியம் உழைப்பைக் கொண்டாடியது என்பதற்குச் சான்றாக இதைச் சொல்வார்கள். சரிதான். நான் அதில் இன்னொன்றையும் கேட்கிறேன். பாட்டு இல்லாமல் தாங்க முடியாத அளவுக்கு ஒரு வேலை நீண்டுகொண்டே போனால்தான் அதற்கென்று ஒரு பாட்டு வகை பிறக்கும். பழனி அடிவாரத்தில் தினைமாவு வாங்கும்போதெல்லாம் வள்ளி ஞாபகம் வருகிறாள். பரணில் ஏறிக் கிளி ஓட்டிய வள்ளியை எல்லாரும் பாடியிருக்கிறார்கள். தினை தானாக மாவாகிவிடாது. அந்த மாவை இடித்தது யார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. முருகனும் கேட்கவில்லை.

இந்தப் பின்னணியில் அரிசியைப் பார்க்க வேண்டும். புன்செய்ச் சீமையான எங்கள் பக்கம் நெல்லுச்சோறு என்பது பண்டிகைச் சோறு. பொங்கலுக்கு ஒருநாள், தீபாவளிக்கு ஒருநாள், மாப்பிள்ளை வந்தால் ஒருநாள். 1967 தேர்தலில் திமுக ரூபாய்க்கு மூன்று படி என்று சொன்னபோது அது எந்தத் தானியம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அரிசிதான். ஆட்சிக்கு வந்து சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி மட்டும் போட முடிந்தது, அதுவும் நீடிக்கவில்லை என்பது வேறு கதை. பிறகு ரேஷன் அரிசி 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011-இல் இலவசம். ஆலையில் குத்தி, உமி நீங்கி, தவிடு நீங்கி, வேகத் தயாராக வந்து நின்ற அந்த அரிசியில் வயிறு நிறைவது பாதிதான். மிச்சப் பாதி, விளக்கு வைப்பதற்கு முன்னால் மீந்த அந்த ஒன்றரை மணி நேரம். அம்மாயிக்குத் திண்ணையில் உட்காரக் கிடைத்தது அப்போதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் ‘பாரம்பரிய உணவு’ என்று பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பண்ணையத்தில் கூலி தானியமாக அளக்கப்பட்ட காலத்தில், நெல் விளைந்த வீட்டிலும் கூலியாக வந்தது பெரும்பாலும் கம்பும் சோளமும் ராகியும்தான். அதே கூழை வாசலுக்கு வெளியே நின்று, குனிந்து, கையேந்தி வாங்கிக் குடித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பேரனிடம் போய் “நம்ம மண்ணோட உணவுங்க” என்று ஒரு கோப்பைக் கூழை நீட்டினால், ‘நம்ம’ என்றால் யாரைச் சேர்த்து என்று அவன் கேட்கலாம். ரேஷன் கடையில் பண்ணையக்காரருக்கும் பண்ணையாளுக்கும் ஒரே மூட்டையிலிருந்து, ஒரே தராசில் விழுந்த முதல் சோறு அந்த வெள்ளை அரிசி. அதைச் சத்தில்லாத சக்கை என்று நான் திட்டத் தயாராக இல்லை.

இந்த இடத்தில் எனக்கு எதிராக ஒருவரை நானே அழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜே.சி. குமரப்பா. 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர். கடைசிக் காலத்தில் மதுரைக்குப் பக்கத்தில் டி. கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960-இல் இறந்தார். எங்கள் மாவட்டத்திலேயே காந்திகிராமம் இருப்பதால் இந்தப் பக்கத்தில் அவர் பெயர் அந்நியம் இல்லை. அரிசி ஆலைகளை அவர் கடுமையாக எதிர்த்தார். ஆலை, தவிட்டோடு சத்தையும் உரித்துவிடுகிறது. அதோடு, நெல் குத்திப் பிழைத்த ஏழைப் பெண்களின் கூலியைப் பிடுங்கி முதலாளி கையில் கொடுக்கிறது. இரண்டும் உண்மை. கைக்குத்தல் அரிசியை ஒரு பொருளாதாரக் கேள்வியாக, அதைவிட ஒரு அறக் கேள்வியாக முதலில் கேட்டவர்களில் அவர் ஒருவர்.

குமரப்பாவின் உலக்கைக்குக் கூலி உண்டு. அம்மாயியின் உலக்கைக்குக் கூலி கிடையாது. மரம் ஒன்று, பூண் ஒன்று, தூக்கிப் போடுகிற தோள்வலியும் ஒன்றுதான். ஒன்றில் பிழைப்பு போகிறது என்று ஒரு பெண் அழுகிறாள், இன்னொன்றில் விட்டது சனியன் என்று ஒரு பெண் உட்காருகிறாள். ஒரே இயந்திரம் ஒருத்தியிடமிருந்து பிடுங்கியதும் இன்னொருத்திக்குக் கொடுத்ததும் ஒரே நாளில் நடந்திருக்கிறது. ‘உழைப்பு நல்லதா, இயந்திரம் நல்லதா’ என்று பட்டிமன்றம் வைத்தால் இந்த இருவரில் யாரோ ஒருத்தி கண்ணில் படாமல் போய்விடுவாள். கேட்க வேண்டியது, அந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இடமிருந்ததா என்பதை. கூலிக்குக் குத்தியவளுக்கும் அந்த இடம் பெரிதாக இருந்திருக்காது, பசி இருந்தது. வீட்டில் இடித்தவளுக்குச் சுத்தமாக இல்லை. இடிக்க மாட்டேன் என்று ஒரு மருமகள் 1960-இல் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அம்மாயியிடம் கேட்டேன். சிரித்தார். பதில் சொல்லவில்லை.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதிய ஒரு நூலில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு கதை இருக்கிறது. அங்கே ஆலை மாவு வீட்டுக்கு வந்தபோது குறைந்தது ஆண்களின் வேலை. தானியத்தைத் திரிப்பதும் ஆலைக்குச் சுமந்து போவதும் அவர்கள் பொறுப்பாக இருந்தன. பெண்களுக்கு வேலை கூடியது. மெல்லிய வெள்ளை மாவு வந்ததும், பழைய முரட்டு ரொட்டி போதாமல், ஈஸ்ட் போட்ட ரொட்டியும் கேக்கும் செய்ய வேண்டியதாயிற்று. படித்தபோது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டு ஆட்டுக்கல். அரிசி வந்து உலக்கையை மூலையில் சாய்த்தது உண்மைதான். பின்னாலேயே, தீபாவளிக்கு மட்டும் சுட்ட இட்லியும் தோசையும் தினப்படி ஆனது. அம்மாயி உலக்கையிலிருந்து எழுந்தார், என் அம்மா ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தார். கோயம்புத்தூர் கிரைண்டர் வீட்டுக்கு வரும்வரை அது நீடித்தது. தமிழ்நாட்டில் இலவச அரிசி வந்த அதே 2011-இல்தான் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் வந்தது. ஓட்டுக்காக என்று சொல்லிச் சிரித்தவர்கள் நிறையப் பேர். சிரித்தவர்களில் எத்தனை பேர் மாவாட்டியிருப்பார்கள்?

ஆக, ஒரு தானியம் வீட்டை விட்டுப் போனதற்கு விலை, பாசனம், ரேஷன், ருசி என்று பல காரணம் இருந்தாலும், அதற்குள்ளே ஒரு கையின் முடிவும் இருந்திருக்கிறது. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் சாமையையும் தினையையும் மீட்க இறங்கியபோதும் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டது. மலைக்காரர்கள் சாமையை விட்டு மரவள்ளிக்குப் போனதற்கு, ஜவ்வரிசி ஆலைகள் தந்த காசு ஒரு காரணம். இடித்துப் புடைக்கிற பாடு இன்னொரு காரணம். ‘மறந்துட்டீங்க’ என்று சொல்வதோடு நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஊருக்குள்ளேயே சின்ன உமி நீக்கும் இயந்திரங்களை வைத்து, பெண்கள் குழுக்களின் பொறுப்பில் விட்டார்கள். சிறுதானியம் பற்றிய நூறு சொற்பொழிவை விட அந்த ஒரு மோட்டார் எனக்கு மரியாதைக்குரியதாகத் தெரிகிறது.

அரசு வேறு வழியில் போனது. பெயரை மாற்றியது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், ‘முரட்டுத் தானியம்’ 1 ரூபாய். எது உசத்தி, எது மட்டம் என்பது விலையிலேயே எழுதியிருந்தது. 2018-இல் அதே முரட்டுத் தானியத்துக்கு ‘சத்துத் தானியம்’ என்று அரசிதழில் பெயர் வந்தது. 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அது ‘ஸ்ரீ அன்ன’ ஆகிவிட்டது. பட்டம் ஏற ஏற விலையும் ஏறியது. ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது. உமி நீக்கிய வரகரிசிக்குக் கிலோ 100 ரூபாயை ஒட்டிக் கொடுக்கிறேன். ஏழையின் கூழ் பணக்காரரின் மருந்தாகிவிட்டது என்று பலர் எழுதிவிட்டார்கள், நானும் எழுத வேண்டியதில்லை. அந்த 100 ரூபாய்க்குள் இடிக்கிற வேலைக்கு முதல்முறையாக ஒரு விலை ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறேன். இத்தனை காலமும் அந்தச் சோறு மலிவாக இருந்ததற்குக் காரணம், அதில் ஒருத்தியின் சாயங்காலம் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

‘முழுதானியம்’ என்று நாம் வாங்குவதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. உமி நீக்கிய சாமை இயல்பாகப் பழுப்பு கலந்த நிறத்தில் இருக்கும். கடையில் கண்ணைப் பறிக்கும் வெள்ளையில் கிடைக்கிறது. தவிட்டையும் தீட்டிவிடுகிறார்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் மாதக்கணக்கில் அலமாரியில் தாங்காது, வாடை வந்துவிடும் என்பதற்காக. அதாவது, சாமையை வாங்கி அது அரிசி மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வெள்ளையாக, கெடாமல், சீக்கிரம் வெந்து, குழம்பு எதுவானாலும் ஏற்றுக்கொண்டு. நான் தீட்டாததாகப் பார்த்து மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன். வேக நேரமாகும், மென்று தின்ன வேண்டும். தனிப்பாடல் ஒன்றில் ஔவையார் வரகரிசிச் சோற்றையும் கத்தரிக்காயையும் மோரையும் உலகத்துக்கே ஈடென்று மெச்சுகிறார். அந்த வரகு நிச்சயம் வெள்ளையாக இருந்திருக்காது.

தானியத்தோடு சேர்ந்து அறிவும் போனது என்பார்கள். அதை மட்டும் நான் மறுப்பதில்லை. பூஞ்சை பிடித்த வரகைத் தின்றால் தலை சுற்றும், வாந்தி வரும். அதற்குக் ‘கிறுக்கு வரகு’ என்று பெயர் வைத்து விலக்கினார்கள். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் வயலில் வரகு மேய்ந்து செத்தன. அப்போது அந்தப் பூஞ்சை நஞ்சின் பெயர் செய்தித்தாள்களில் வந்தது. அம்மாயிக்கு வேதிப்பெயர் தெரியாது. மழையில் நனைந்த கதிரை உடனே வீட்டுக்குள் எடுக்கக்கூடாது என்பது தெரியும். இந்த அறிவை ‘பாரம்பரியம்’ என்று சட்டம் போட்டு மாட்டிவிடாமல், எழுதி வைக்க வேண்டும். சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பிறகு ஏன் வரகைச் சமைக்கிறாய் என்று கேட்கலாம். அம்மாயி விட்டதற்குச் சொன்ன காரணம் இன்று என் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். இடிக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு வேண்டியிருக்கிறது. எங்கள் காட்டுக்கு மழைதான் தண்ணீர், அதில் நெல் விளையாது. அவருடைய வெறுப்பு எனக்குச் சொத்தாக வராது, அவருடைய கம்மஞ்சோற்றின் மேல் எனக்கு வந்த ஏக்கமும் அவர் எனக்குக் கொடுத்தது கிடையாது. ஏங்குகிறவள் நான், கிண்டுகிறவளும் நானாக இருக்க வேண்டும். கூட்டங்களில் “வீட்ல அம்மாகிட்ட சொல்லி வாரம் மூணு நாள் களி செய்யச் சொல்லுங்க” என்று சொல்கிறவர்களைக் கண்டால் மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. களியைத் துடுப்பில் கிண்டிப் பாருங்கள், தோள் சொல்லும்.

எங்கள் பக்கம் சோளம் இன்னமும் விதைக்கிறார்கள். பெரும்பாலும் தட்டுக்காக, மாட்டுக்கு. மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. தானியம் நிலத்தை விட்டு முழுசாகப் போய்விடவில்லை. தட்டில் நேராக விழாமல் பாலாகவும் முட்டையாகவும் சுற்றி வருகிறது. போன தையில் தெரிந்தவர் ஒருவர் விதைச்சோளம் போக மிச்சமிருந்ததில் நாலு படி கொடுத்தார். ஊற வைத்து, மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி, தோலைப் புடைத்து நீக்கினேன். அம்மாயி முறத்தைப் பிடுங்கி, “இப்படியா புடைக்கிறது?” என்று இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். தவிடு ஒரு ஓரமும் நொய் ஒரு ஓரமுமாக ஒதுங்கியது. உடனே முறத்தைக் கீழே வைத்துவிட்டார். சாயங்காலம் சோளச்சோறும் கொள்ளுப் பருப்பும் எங்களுக்கு. பக்கத்து அடுப்பில் அவருக்குத் தனியாகப் பொன்னி அரிசி, நன்றாகக் குழைய விட்டு.